திருமலைக்கு இரண்டு நடைபாதைகள்: குழந்தைகளுடன் செல்வோர் கவனத்திற்கு

திருப்பதி: சேஷாசல மலைக்காடுகள் வழியாகத் திருமலைக்குச் செல்ல இரண்டு நடைபாதைகள் உள்ளன. அலிபிரி பாதை சுமார் 9 கி.மீ. நீளமும் 3,550 படிகளும் கொண்டது. சீனிவாச மங்காபுரம் அருகே தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையின் நீளம் 2.1 கி.மீ. மட்டுமே, ஆனால் 2,388 படிகளும் செங்குத்தாக ஏறுகின்றன. இரண்டு அடிவாரங்களுக்கும் திருப்பதியிலிருந்து பேருந்தில் செல்லலாம்.

2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் பெற்றோருடன் சென்ற 6 வயதுச் சிறுமி, சிறுத்தை தாக்கி உயிரிழந்தார். இதையடுத்து, பிற்பகல் 2 மணிக்குப் பின் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை என்று தேவஸ்தானம் அறிவித்தது. பக்தர்களுக்குக் கைத்தடிகளும் வழங்கப்பட்டன.

அலிபிரி பாதையில் ஏறி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். எனவே, குழந்தைகளுடன் செல்வோர் அதிகாலைப் பேருந்திலேயே அடிவாரத்தை அடைந்து, கூட்டத்துடன் சேர்ந்து ஏறுவது பாதுகாப்பானது.