கொங்கு நாட்டு வீரர் நினைவு மரபுகள்

கொங்கு நாட்டு வீரர் நினைவு மரபுகள் என்பன, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் உள்ளடக்கிய கொங்கு நாட்டில், போரிலோ ஊர்க்காவலிலோ உயிர் நீத்தவர்களை நினைவுகூர மக்கள் கைக்கொண்டு வந்துள்ள வழக்கங்கள் ஆகும். கல் நடுதல், உடுக்கடித்துக் கதை பாடுதல், படுகளம் நிகழ்த்துதல், ஆண்டுதோறும் நினைவு நாள் எடுத்தல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் பழமையானது நடுகல் மரபு. ஆயினும் இங்குள்ள நடுகற்கள் பலவற்றில் எழுத்து இல்லாமையால், அவை யாருக்காக நடப்பட்டன என்பது இன்று தெரியவில்லை. பாடலில் இடம்பெற்ற வீரர்களின் பெயர்கள் நிலைத்துள்ளன. அவர்கள் வாழ்ந்த காலம் பற்றியோ அறிஞரிடையே உடன்பாடில்லை.

இலக்கியப் பின்னணி

போரில் இறந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகப் பகுத்துக் கூறுகிறது. தக்க கல்லைத் தேர்ந்து, நாள் பார்த்து எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது இதன் பொருள். சங்கப் பாடல்களில் நடுகல்லுக்குக் கள் படைத்ததும், மயிற்பீலி சூட்டியதும் பேசப்படுகின்றன. கொங்கின் வட எல்லையை ஒட்டிய தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது, அவனது நடுகல்லுக்குப் படைக்கப்பட்ட கள்ளைக் கண்டு ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் உள்ளது.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டமும் இதே முறையைப் பின்பற்றிக் காதைகளுக்குப் பெயர் சூட்டியுள்ளது. கண்ணகி போர்வீரர் அல்லர். எனினும் அவளுக்குக் கல் எடுத்த முறை வீரனுக்குரிய முறையே. கொங்கிளங்கோசர் தம் நாட்டில் அவளுக்கு விழா எடுத்ததாக அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுவது, இம்மரபில் கொங்கு நாட்டுக்கு உள்ள தொடர்பைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

புலிகுத்திக்கல்லும் பிற நடுகற்களும்

நடுகல் என்றதும் பெரும் போர்களில் மாண்ட படைவீரர்களே நினைவுக்கு வருவர். கொங்கு நாட்டில் நிலைமை வேறு. இங்கு மிகுதியாகக் காணப்படுவன புலிகுத்திக்கல் எனப்படும் கற்களாகும். பின்னங்கால்களில் எழுந்து நின்று பாயும் புலியை வீரன் ஈட்டியாலோ வாளாலோ குத்துவதுபோல் இவற்றில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். வீரனின் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். காலில் கழலும், இடையில் குறுவாளும் உண்டு. சில கற்களில் வீரனின் அருகில் அவன் மனைவியும் காட்டப்பட்டுள்ளார்.

இதற்கான காரணம் நிலத்தின் இயல்பில் உள்ளது. கொங்கு நாடு மலைகளும் காடுகளும் சூழ்ந்த மேட்டு நிலம். மழை குறைவு. சங்க இலக்கியம் கொங்கரை ஆனிரை மிகுதியாக உடையவர்களாகச் சுட்டுகிறது. காங்கேயம் வட்டாரத்தில் கிளுவை வேலியிட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்கள் இன்றும் உள்ளன. கால்நடையே செல்வமாக இருந்த நாட்டில், பட்டிக்குள் புகுந்த புலியை எதிர்த்து இறந்தவனும், மாடு கவர வந்தோரைத் தடுத்து இறந்தவனும் ஊரைக் காத்த வீரர்களாகவே மதிக்கப்பட்டனர். கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் இலக்கணம் வகுத்தது இத்தகைய வாழ்க்கையை ஒட்டியே ஆகும். அரசனின் படையில் சேராமல் தன் ஊர் எல்லையில் இறந்த ஒருவனுக்கும் போர்வீரனுக்குரிய சிறப்பு அளிக்கப்பட்டது என்பது இம்மரபின் தனித்தன்மை.

பன்றி, யானை ஆகியவற்றை எதிர்த்து மாண்டோருக்கான கற்களும் தமிழகத்தில் உண்டு. கன்னட நாட்டை ஒட்டிய பகுதிகளில் அடுக்கு நிலை நடுகற்கள் காணப்படுகின்றன. அவற்றில் கீழடுக்கில் போர்க் காட்சியும், நடுவில் வீரனைத் தேவ மகளிர் விண்ணுலகுக்கு அழைத்துச் செல்லும் காட்சியும், மேலடுக்கில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கும் காட்சியும் இருக்கும்.

எழுத்து இல்லாமை இக்கற்களின் பெருங்குறை. திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரத்திலும், தருமபுரிப் பகுதியிலும் பல்லவர் காலத்தைச் சேர்ந்த பல நடுகற்களில் வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், அவன் இறந்த காரணம் ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, அவனது நாயின் பெயரான கோவிவன் என்பதும் எழுதப்பட்டுள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நாய் ஒன்றின் பெயர் நமக்குத் தெரிகிறது. கொங்கு நாட்டில் புலியோடு போரிட்டு மாண்ட மனிதர் பலரின் பெயர் தெரியவில்லை.

பெயர் மறைந்தபின் இக்கற்கள் தெய்வங்களாயின. ஊரார் வேட்டைக்காரன், புலிக்குத்தி சாமி என்பன போன்ற பெயர்களால் அவற்றை அழைத்து, எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமம் இட்டு வழிபடுகின்றனர். சில குடும்பத்தார்க்கு அதுவே குலதெய்வம். வரலாற்று ஆர்வலர் நடுகல் எனக் கூறும் ஒன்றை ஊரார் சாமி என்பர். இரண்டும் தவறல்ல.

வீரமாத்தி

கணவன் போரில் இறந்தபோது உடன் உயிர்விட்ட பெண்களுக்கு எடுக்கப்பட்ட கற்கள் சதிக்கல், மாசதிக்கல் எனப்படும். கொங்குப் பகுதியில் இப்பெண்கள் வீரமாத்தி என்று வழங்கப்படுகின்றனர். வளையணிந்த கை உயர்த்திய நிலையில் பெண்ணுருவம் காட்டப்படுவது இக்கற்களின் அடையாளம். வீரமாத்தி அம்மன் என்ற பெயரில் சிறு கோயில்களும் உள்ளன. உடன்கட்டை வழக்கம் 1829-இல் வங்காளத்திலும், 1830-இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இக்கற்களை வீரத்தின் சின்னமாக மட்டும் காண்பது முழுமையான பார்வை ஆகாது. அப்பெண்களில் எத்தனை பேர் தம் விருப்பத்தால் இறந்தனர் என்பதற்குக் கல்லில் விடையில்லை.

அண்ணன்மார் படுகளம்

பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரின் கதையான அண்ணன்மார் சாமி கதை, கொங்கு நாட்டின் மிகப் பெரிய வாய்மொழிக் காப்பியம் ஆகும். பொன்னிவளநாட்டை ஆண்ட இவ்விருவரும், தலையூர்க் காளியோடும் வேட்டுவரோடும் கொண்ட பகையின் முடிவில் போர்க்களத்தில் தம் வாளாலேயே உயிர்விட்டதாகக் கதை கூறுகிறது. அவர்களின் தங்கை களம் தேடிச் சென்று, இறந்து கிடந்தோரைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசி விடைகொடுத்தாள் என்பது கதையின் உருக்கமான பகுதி. கதை நிகழ்ந்த காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உள்ளது.

உடுக்கையடித்து இரவு பல தொடர்ந்து பாடப்படும் இக்கதையைக் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பகுதியில் ஒலிநாடாவில் பதிவு செய்தார். அப்பதிவு பின்னர் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக நூல் வடிவம் பெற்றது.

இக்கதையோடு இணைந்த சடங்கே படுகளம். மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசி மாதத்தில் நடைபெறும் விழா இதற்குப் பெயர் பெற்றது. கொங்கு நாட்டு ஊர்கள் பலவற்றிலும் இது நிகழ்த்தப்படுகிறது. கதை உச்சத்தை எட்டும்போது ஆண்கள் சிலர் அருள் வந்து, களத்தில் மாண்ட வீரர்களாகத் தரையில் சாய்வர். அவர்கள் மேல் துணி போர்த்தப்படும். உறவினர் சுற்றி அமர்ந்திருப்பர். பின்னர் தங்கையின் நிலையில் உள்ள பெண் தீர்த்தம் தெளிக்க, ஒவ்வொருவராக எழுப்பப்படுவர். போரில் இறந்தவர்களுக்காக ஓர் ஊரே ஆண்டுதோறும் துக்கம் காத்து, அவர்களை மீண்டும் எழுப்பிப் பார்க்கும் இச்சடங்குக்கு இணையானது அரிது.

அண்ணன்மாரின் துணைவனான சாம்புவனும் இக்கோயில்களில் வழிபடப்படுகிறார். மறுபக்கத்தில், வேட்டுவர் மரபினர் தலையூர்க் காளியைத் தம் வீரராகப் போற்றுகின்றனர். ஆகவே ஒரே போருக்கு இரு தரப்பிலும் நினைவு உண்டு.

போர்க்களமாகிய கோயம்புத்தூர்

பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூருக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே நடந்த போர்களில், பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமைந்த கோயம்புத்தூர் பலமுறை கைமாறியது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791-இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் திப்பு சுல்தானின் படை முற்றுகையிட்டது. லெப்டினன்ட் சால்மர்சு தலைமையில், திருவிதாங்கூர் வீரர்களும் அடங்கிய ஒரு சிறு படை கோட்டையைக் காத்தது. முதல் முற்றுகை முறியடிக்கப்பட்டது. கமருதீன் கான் தலைமையில் நடந்த இரண்டாம் முற்றுகையில், நவம்பர் மாதம் கோட்டை சரணடைந்தது. இப்போர் பற்றிய நூல்களில் அதிகாரிகளின் பெயர்களே பெரிதும் கிடைக்கின்றன. கோட்டைக்கு உள்ளும் வெளியும் மாண்ட படைவீரர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. கோட்டையும் இன்று இல்லை. கோட்டைமேடு என்ற இடப்பெயர் மட்டும் நகரில் வழங்கி வருகிறது.

திப்பு 1799-இல் வீழ்ந்தபின், கம்பெனிக்கு எதிரான தென்னிந்தியக் கிளர்ச்சியாளர்கள் 1800 சூன் 3 அன்று கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டனர். திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டுத் தோல்வியுற்றது. பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். வரலாற்றாசிரியர் கே. இராசய்யன் இந்நிகழ்வைத் தென்னிந்தியக் கிளர்ச்சியின் முக்கியக் கட்டமாக ஆராய்ந்துள்ளார். எனினும் தூக்கிலேறியவர்களின் பெயர்கள் சின்னமலையின் பெயரைப் போல மக்கள் நினைவில் நிலைபெறவில்லை. அவர்களைப் பாட உடுக்கடிப் பாடகர் ஒருவர் அமையாதது காரணமாகலாம்.

தீரன் சின்னமலை நினைவு

காங்கேயத்துக்கு அருகிலுள்ள மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்த தீர்த்தகிரி என்னும் தீரன் சின்னமலை, ஓடாநிலையில் கோட்டை அமைத்துக் கம்பெனிப் படைகளை எதிர்த்தவர். 1801-இல் காவிரிக் கரையிலும், 1802-இல் ஓடாநிலையிலும், 1804-இல் அறச்சலூரிலும் அவர் போரிட்டதாகக் கூறப்படுகிறது. பின்னர் பிடிபட்டு, 1805 சூலை 31 அன்று சங்ககிரி மலைக்கோட்டையில் தம் உடன்பிறந்தோருடன் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி நாட்டுப்புறப் பாடல்கள், குடும்ப மரபுச் செய்திகள் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டதாகும்.

அவர் தூக்கிலிடப்பட்ட நாள் தமிழ் நாட்காட்டியில் ஆடி 18. இந்நாளே காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கும் கொண்டாடப்படுவதால், புதுப்புனல் விழாவும் நினைவு நாளும் ஒன்றாயின. இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் ஆடி 18 சூலை 31-இல் வந்தது. இப்போது அது ஆகத்து 2 அல்லது 3-இல் வருகிறது. தமிழ் ஆண்டு கிரெகோரியன் ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீண்டது என்பதால் இவ்வேறுபாடு தோன்றுகிறது. நினைவு நாள் ஆங்கிலத் தேதியை விட்டுத் தமிழ்த் தேதியைப் பற்றி நிற்பதால், செய்தித்தாள்களில் இரு வேறு தேதிகளைக் கண்டு மாணவர்கள் குழம்ப வேண்டியதில்லை.

ஓடாநிலையில் தமிழ்நாடு அரசு நினைவு மண்டபம் அமைத்துள்ளது. சென்னை கிண்டியில் சிலை உண்டு. 2005 சூலை 31 அன்று இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. 1995-இல் உருவான கரூர் மாவட்டமும், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகமும் சில காலம் அவர் பெயரைத் தாங்கியிருந்தன. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயர் சூட்டும் முறை 1997-இல் கைவிடப்பட்டபோது இவையும் மாறின.

சின்னமலையின் படையில் இருந்தவர்களின் நினைவு மெதுவாகவே மேலெழுந்தது. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பொல்லான், அறச்சலூருக்கு அருகிலுள்ள நல்லமங்காபாளையத்தில் ஆடி முதல் நாளில் கம்பெனியாரால் கொல்லப்பட்டார் என்பது மரபுவழிச் செய்தி. அவருக்கும் நினைவுச் சின்னம் வேண்டும் என்று அச்சமூகத்தார் பல ஆண்டுகள் போராடியபின் அரசு அக்கோரிக்கையை ஏற்றது. தலைவனுக்கு மண்டபமும் துணைவனுக்கு வாய்மொழியும் என்றிருந்த நிலை இவ்வாறு மாறத் தொடங்கியது.

சூலூர்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே உள்ள சூலூரில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்து வந்த விமான தளத்தை, 1942 ஆகத்து மாதம் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தினர் தீயிட்டனர். பலர் சிறை சென்றனர். விடுதலைக்குப் பின் இவ்விடம் இந்திய வான்படையின் தளமாயிற்று. 2020 மே மாதம், 18-ஆம் விமானப் படைப்பிரிவு தேசசு வானூர்திகளுடன் இங்கு மீண்டும் தொடங்கப்பட்டது. 1971 திசம்பர் 14 அன்று சிறீநகர் வான்பரப்பில் போரிட்டு மாண்டு, பரம் வீர் சக்கரம் பெற்ற நிர்மல் சித் சிங் செகோன் இப்படைப்பிரிவைச் சேர்ந்தவர். வான்படையில் அவ்விருது பெற்றவர் அவர் ஒருவரே.

2021 திசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற உலங்கு வானூர்தி குன்னூர் அருகே விழுந்ததில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தனர். மறுநாள் உடல்கள் சாலை வழியே சூலூருக்குக் கொண்டுவரப்பட்டபோது, மக்கள் வழிநெடுக நின்று மலர் தூவினர். விபத்து நிகழ்ந்த நஞ்சப்பசத்திரத்துத் தொழிலாளர்கள், தீயை அணைக்கக் குடங்களில் நீரும், காயமுற்றோரைத் தூக்கப் போர்வைகளும் கொண்டு ஓடியதும் குறிப்பிடத்தக்கது.

நடுகற்களின் இன்றைய நிலை

கோயம்புத்தூர், ஈரோடு அரசு அருங்காட்சியகங்களில் சில நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் பழஞ்சின்னங்களுக்கான சட்டம் 1966 முதல் உள்ளது. ஆனால் அது அரசால் பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே முழுமையாகப் பயன்படுகிறது. பெரும்பாலான நடுகற்கள் தோட்டத்து வரப்புகளிலும், ஏரிக்கரைகளிலும், சாலையோரங்களிலும் நிற்கின்றன. சாலை அகலப்படுத்தும்போதும், நிலம் மனையாகப் பிரிக்கப்படும்போதும் அவை பெயர்க்கப்படுகின்றன. வழிபாட்டில் உள்ள கற்கள் தப்பிவிடுகின்றன. ஆனால் தொடர்ந்து எண்ணெய் பூசுவதாலும், வண்ணம் அடிப்பதாலும், சிமெந்துத் தளத்தில் பாதி புதைப்பதாலும் உருவமும், இருந்தால் எழுத்தும் மறைகின்றன.

ஒரு நடுகல்லை அதன் இடத்திலிருந்து அகற்றினால் பாதிச் செய்தி போய்விடும். அது ஊர் எல்லையில் நின்றதா, பட்டியின் அருகில் நின்றதா என்பதே வீரன் எதற்காக இறந்தான் என்பதை ஊகிக்க உதவும். எனவே இத்தகைய கல்லைக் காணும் மாணவர்கள் அதன் இடம், உயரம், நோக்கியிருக்கும் திசை, ஊரார் வழங்கும் பெயர், அக்கல்லைப் பற்றி முதியோர் கூறும் கதை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒளிப்படத்துடன் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். சுண்ணக்கட்டி கொண்டு உருவத்தின் மேல் கோடிடுவதையும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதையும் தவிர்க்க வேண்டும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் எடுத்த படத்தில் தேய்ந்த புடைப்புகளும் தெளிவாகத் தெரியும்.