டெவின் ஹெஸ்டர்: பந்தைத் திருப்பிக் கொண்டு ஓடியே புகழ் மண்டபம் போனவர்

அமெரிக்கக் காற்பந்தில் புகழெல்லாம் பொதுவாக குவாட்டர்பேக்குக்குத்தான். பந்தை எறிபவர் அவர், விளம்பரத்தில் சிரிப்பவரும் அவர். ஆனால் 2024 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரிலுள்ள அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவரின் கதை வேறு. ஓர் ஆட்டத்தில் ஒரு சில தடவை மட்டுமே செய்யக் கிடைக்கும் வேலை அவருடையது. எதிரணி உதைக்கும் பந்தைப் பிடித்து, வந்த திசைக்கே திருப்பிக் கொண்டு ஓடுவது.

அவர் பெயர் டெவின் ஹெஸ்டர். இந்த ஒரு வேலைக்காகவே அந்த மண்டபத்தில் இடம் பிடித்த முதல் ஆட்டக்காரர்.

முதலில், 'ரிட்டர்னர்' என்றால் யார்?

பத்தாங் காலி, கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத் திடலில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டு கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். பெயர் காற்பந்து, பந்து இருப்பதோ பெரும்பாலும் கையில்.

அடிப்படை இதுதான். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. இப்படியே எதிரணியின் கோட்டைக் கடந்துவிட்டால் 'டச் டவுன்', அதாவது 6 புள்ளி.

மூன்று வாய்ப்பு போயும் 10 கெஜம் வரவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்துவிடுவார்கள். இது 'பண்ட்'. ஆட்டம் தொடங்கும்போதும், ஓர் அணி புள்ளி எடுத்த பிறகும் இன்னொரு வகை உதை உண்டு. அது 'கிக் ஆஃப்'. இரண்டிலுமே, மறுமுனையில் நின்று பந்தைப் பிடித்து ஓடி வருபவர்தான் ரிட்டர்னர்.

கேட்க எளிது. ஆனால் அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கண் வானத்தில் வரும் பந்தின் மேல் இருக்க வேண்டும். அதே நேரத்தில் எதிரணி ஆட்கள் முழு வேகத்தில் அவரை நோக்கி ஓடி வருகிறார்கள். பிடித்த அடுத்த நொடியே எந்தப் பக்கம் இடைவெளி என்று முடிவெடுக்க வேண்டும். கபடியில் பாடிப் போகிறவர் தனியாக எதிரணிக்குள் நுழைந்து தப்பி வருவார் அல்லவா? கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஆனால் இங்கே எதிரில் 11 பேர், ஓட வேண்டிய தூரமோ முழுத் திடல்.

எங்கிருந்து வந்தார்?

ஹெஸ்டர் பிறந்தது 1982 நவம்பர் 4, ஃபுளோரிடா மாநிலத்தின் ரிவியரா பீச்சில். சிறு வயதிலேயே தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மயாமி பல்கலைக்கழகத்தில் ஆடியபோதே பயிற்றுநர்களுக்கு அவரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இருந்தது. தாக்குதல், தற்காப்பு, உதைப் பிரிவு என்று மூன்றிலும் ஆடினார். மூன்றிலும் ஆடுபவர் என்பது பெருமைதான். ஆனால், 'இவருடைய இடம் எது?' என்பதற்கு அது பதில் இல்லையே.

2006இல் சிகாகோ பேர்ஸ் அணி அவரை இரண்டாம் சுற்றில், 57ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பதிவேட்டில் தற்காப்பு ஆட்டக்காரர். உண்மையில் எடுத்தது அவர் காலுக்காக.

என்எஃப்எல் போட்டியில் தம் முதல் ஆட்டத்திலேயே, கிரீன் பே அணி உதைத்த பந்தை 84 கெஜம் ஓடிக் கொண்டு போய் டச் டவுன் போட்டார். அதே ஆண்டு அரிசோனாவுக்கு எதிரான ஆட்டத்தில் சிகாகோ 20 புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நேரத்தில் ஹெஸ்டர் 83 கெஜம் ஓடினார். ஆட்டம் 24-23 என்று சிகாகோ பக்கம் திரும்பியது. முதல் பருவத்தில் மட்டும் இப்படி 6 டச் டவுன். அதில் ஒன்று 108 கெஜம்! எதிரணி கோலுக்குக் குறிவைத்துத் தவறவிட்ட பந்தைப் பிடித்து, தம் கோட்டுக்குப் பின்னாலிருந்து மறுகோடி வரை ஓடியது.

அந்த 14 வினாடி

2007 பிப்ரவரி 4, மயாமி. சூப்பர் பவுல் இறுதி ஆட்டம், சிகாகோவுக்கு எதிரே இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். மழை. நம் நேரப்படி அப்போது திங்கட்கிழமை காலை ஏழரை மணி வாக்கில். இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஆட்டத்தின் முதல் உதை. பந்து ஹெஸ்டர் கைக்கு வந்தது. 92 கெஜம், 14 வினாடி, டச் டவுன். சூப்பர் பவுல் வரலாற்றில் தொடக்க உதையையே புள்ளியாக மாற்றிய முதல் ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு கோல்ட்ஸ் என்ன செய்தது தெரியுமா? அந்த ஆட்டத்தில் அவர் பக்கம் உதைப்பதைக் கூடிய மட்டும் தவிர்த்தது. சிகாகோ கடைசியில் 29-17 என்று தோற்றது. ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பேசும் யாரும் முதல் 14 வினாடியைத் தாண்டிப் போவதில்லை.

எதிரணிக்கு ஏன் அவ்வளவு பயம்?

2007 பருவத்தில் இன்னும் 6. இரண்டே பருவத்தில் 12. எதிரணிகள் கணக்குப் போட்டன. பந்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே உதைத்தால் சில கெஜம் நஷ்டம். ஹெஸ்டர் கையில் கொடுத்தால் 6 புள்ளி போகலாம். பல அணிகள் அந்த நஷ்டத்தையே ஏற்றுக்கொண்டன.

டென்வர் அணியோ 2007 நவம்பரில் துணிந்து அவர் பக்கமே உதைத்தது. விளைவு: ஒரு பண்ட், ஒரு கிக் ஆஃப், இரண்டுமே டச் டவுன். சிகாகோ கூடுதல் நேரத்தில் 37-34 என வென்றது.

இங்கேதான் ஒரு சிக்கல். அவர் பக்கம் உதைக்காமல் விட்டதால் அணிக்குக் கிடைத்த கெஜங்கள் எதுவும் அவர் பெயரில் ஏறாது. ஓர் ஆட்டக்காரர் சும்மா நின்றதாலேயே அணிக்கு லாபம் என்றால், அதை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவது?

அப்புறம் ஏன் ரிசீவர் ஆக்கினார்கள்?

இவ்வளவு வேகமான ஆளை ஓர் ஆட்டத்தில் நாலைந்து தடவை மட்டும் பயன்படுத்துவதா என்று அணி யோசித்தது. 2007இல் அவரைத் தாக்குதல் பக்கம் மாற்றி, குவாட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக நிறுத்தியது. இதில் பணக் கணக்கும் உண்டு. ரிட்டர்னருக்குப் பெரிய சம்பளம் கிடையாது. ரிசீவருக்கு உண்டு.

மோசமாக ஆடினார் என்று சொல்ல முடியாது. 2009இல் 57 பந்துகளைப் பிடித்து 757 கெஜம் சேர்த்தார். மொத்த வாழ்க்கையில் 255 பந்து, 3,311 கெஜம், 16 டச் டவுன். பரவாயில்லை ரகம். ஆனால் 2008, 2009 இரண்டு பருவத்திலும் பந்தைத் திருப்பி ஓடி ஒரு டச் டவுன்கூட இல்லை. எதிரணிகள் அவரைத் தவிர்த்ததும் ஒரு காரணம். இரண்டு வேலையைச் சேர்த்துச் சுமந்ததும் ஒரு காரணம் என்று அப்போதே பேச்சு எழுந்தது.

2010இல் ரிட்டர்னராக மறுபடியும் எழுந்தார். அந்தப் பருவத்தில் 3, அடுத்ததிலும் 3. 2013இல் சிகாகோ அவரை ரிசீவர் வேலையிலிருந்து முழுவதுமாக விடுவித்தது. ஒரு வட்டம் சுற்றி, தொடங்கிய வேலைக்கே வந்து சேர்ந்தார்.

20

பந்தைத் திருப்பி ஓடிப் போட்ட டச் டவுன், எதிரணி எறிந்த பந்தைப் பறித்துப் போட்டது எல்லாம் சேர்த்து 19 என்ற சாதனை டியான் சாண்டர்ஸிடம் இருந்தது. ஹெஸ்டரின் சிறுவயது ஆதர்சமே அவர்தான். 2013இல் அதைச் சமன் செய்தார். 2014 செப்டம்பர் 18, அட்லாண்டா அணிக்காக ஆடும்போது, தாம்பா பே அணி உதைத்த பந்தை 62 கெஜம் ஓடி 20ஆவதைப் போட்டார். சாண்டர்ஸும் அன்று அந்த அரங்கத்திலேயே இருந்தார்.

அந்த 20இல் 14 பண்ட், 5 கிக் ஆஃப், 1 தவறிய கோல் முயற்சி. பின்னர் பால்டிமோர், சியாட்டல் அணிகளிலும் கொஞ்ச நாள் ஆடி, 2017 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்.

புகழ் மண்டபம் ஏன் தயங்கியது?

2022இல் தகுதி வந்தது. இறுதிப் பட்டியல் வரை போனார், கிடைக்கவில்லை. 2023இலும் இல்லை. மூன்றாவது முறைதான் கதவு திறந்தது.

எதிர்த்தவர்களின் வாதம் எளிது: ஆட்டத்தின் மிகச் சிறிய பகுதியில் மட்டும் ஆடியவரை, ஒவ்வோர் ஆட்டத்திலும் அறுபது எழுபது தடவை மோதியவர்களோடு சேர்த்து வைப்பதா? ஆதரித்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள்: பந்தை உதைக்கும் யான் ஸ்டெனெருட் 1991இலும், பண்ட் உதைக்கும் ரே கை 2014இலும் உள்ளே வந்தாயிற்றே. உதைப்பவருக்கு இடமுண்டு, அதைப் பிடித்து ஓடுபவருக்கு இல்லையா?

நமக்கு இது புதிய கேள்வி இல்லை. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை, எத்தனை கோல் போட்டார் என்று யாரும் அளப்பதில்லை. வேலை எதுவோ, அதற்கேற்ற அளவுகோல்தான் நியாயம்.

இனி இன்னொரு ஹெஸ்டர் வருவாரா?

வேகமாக ஓடி வந்து மோதும் ஆட்டம் என்பதால் கிக் ஆஃபில் காயம் அதிகம். அதனால் 2011இல் உதைக்கும் இடத்தை 5 கெஜம் முன்னே நகர்த்தினார்கள். பந்து பின்கோட்டைத் தாண்டிப் போவது கூடியது, ஓடுவதற்கான வாய்ப்பு குறைந்தது. சில ஆண்டுகளில் கிக் ஆஃப் வெறும் சடங்கு போல ஆனது.

ஹெஸ்டர் மண்டபத்துக்குள் போன அதே 2024இல், இரு அணி ஆட்களையும் அருகருகே நிறுத்தி, மோதும் வேகத்தைக் குறைத்து, ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவரும் புதிய விதி வந்தது. ரிட்டர்னர்களுக்கு மறுபடியும் வேலை கிடைத்திருக்கிறது.

அடுத்த சூப்பர் பவுலை மாமாக் கடையிலோ கைப்பேசியிலோ பார்க்க நேர்ந்தால், முதல் உதையைத் தவறவிடாதீர்கள். கேமரா உதைப்பவரைக் காட்டும். நீங்கள் மறுகோடியில் நிற்கும் ஆளைப் பாருங்கள்.