ஒப்பாரியும் ஸவ்தாவும்

பட்டாபிராமில் நாம் குடியிருக்கும் தெருவில் அண்மையில் ஒரு மூதாட்டி மறைந்தார். இந்துக் குடும்பம். இரவெல்லாம் மரண கானா ஒலித்தது. அதனிடையே மகள் ஒப்பாரி வைத்து அழுதாள். தாயை இழந்த துயரோடு, தாய்வீட்டு வாசல் இனித் தனக்கு அடைபடுமோ என்ற அச்சத்தையும், அண்ணன்மார் மீதான மனக்குறையையும் கொட்டித் தீர்த்தாள். மற்ற நாளில் சொன்னால் சண்டையாகும் சொற்கள். அன்று எவரும் தடுக்கவில்லை.

தொன்மையான மரபு இது. தொல்காப்பியம் கையறுநிலை என்று இதற்குத் துறை வகுத்தது. பாரியை இழந்த அவன் மகளிர் பாடியது புறநானூற்றின் 112ஆம் பாட்டு. அரபகத்தில் சகோதரர் ஸக்ருக்காக இரங்கிப் பாடிய கன்ஸா அம்மையாரை அரபு கற்றோர் அறிவர். நியாஹத் எனும் ஓலத்தை மார்க்கம் விலக்கியது, கண்ணீரை விலக்கவில்லை. ஹிஜ்ரி 10இல் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களே கண்ணீர் உகுத்தார்கள். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, மய்யித்து வீட்டில் பெண்களின் விசும்பலைக்கூட அதட்டி அடக்குவோரைக் கண்டு நாம் வருந்தியதுண்டு.

பொஸ்னிய மக்களின் ஏக்கப் பாடலுக்கு ஸெவ்தாலிங்கா என்று பெயர். 2024இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் அது இடம்பெற்றது. அரபியின் ‘ஸவ்தா’ துருக்கி வழியே அங்குச் சென்று காதலையும் ஏக்கத்தையும் குறிக்கலாயிற்று. யூனானி ஹகீம்கள் கூறும் கரும்பித்தம்தான் அது!

அந்நிலத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றைப் பற்றிய பழங்கதைப்பாடல் ‘ஹஸனாகினிட்ஸா’. 1774இல் ஃபோர்ட்டிஸ் எனும் இத்தாலியப் பாதிரியார் அதனை அச்சேற்றினார். ஜெர்மானியக் கவி கதே மொழிபெயர்த்தார். புண்பட்டுக் கூடாரத்தில் கிடந்த ஹஸன் ஆகாவைக் காண நாணத்தால் மனைவி செல்லவில்லை. சினந்த அவர், தம் வீட்டில் இனி இருக்கலாகாது எனச் சொல்லியனுப்பினார். ஐந்து குழந்தைகளிடமிருந்து பிரித்து அவளை அழைத்துச் சென்ற சகோதரர், அவள் கெஞ்சியும் கேளாமல் காஜி ஒருவருக்கு மணம் பேசினார். பழைய வீட்டைக் கடக்கையில் மக்களைக் காணாதிருக்க நீண்ட முக்காடு ஒன்றுதான் அவள் கேட்டது. ஆயினும் பிள்ளைகள் கண்டுகொண்டனர். ஊர்வலத்தை நிறுத்திப் பரிசுகள் தந்தாள். தொட்டில் குழந்தைக்கும் தந்தாள். “உங்கள் தாயின் நெஞ்சு கல்” என்று ஆகா பிள்ளைகளைத் திரும்ப அழைத்தார். அவ்விடத்திலேயே விழுந்து உயிர் நீத்தாள்.

ஃபிக்ஹு வகுப்பில் ஹிழானத் பாடத்தைப் பல்லாண்டு நடத்தியுள்ளோம். தாய் அயலாரை மணந்தால் குழந்தையை வளர்க்கும் உரிமை நீங்கும் என்பது அதில் ஒரு வரி. மாணவர் அதை மனனம் செய்துகொண்டு விரைந்து கடப்பர்; நாமும் அவ்வாறே கடந்து வந்தோம். இப்போது அங்கே சற்று நிறுத்தி, அந்த ஐந்து குழந்தைகளின் கதையைச் சொல்லிவிட்டே அடுத்த மஸ்அலாவுக்குச் செல்கிறோம்.