தொண்டர் கையில் லத்தி

பங்குனியில் அறுபத்துமூவர் வீதியுலா நாளன்று மயிலாப்பூர் மாடவீதிகளில் காக்கி உடுத்தி நிற்பவர் எல்லாரும் போலீஸ்காரர் அல்லர். பந்தோபஸ்துக்கு வருபவர்களில் ஊர்க்காவல் படையினரும் உண்டு. மறுநாள் அவர்கள் தத்தம் கடைக்கோ வேலைக்கோ போய்விடுவார்கள். உலா பார்க்க ராயப்பேட்டையிலிருந்து நடந்து வரும் குடும்பத்துக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டியதில்லை. அந்தப் படைக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞருக்குத் தெரிந்தாக வேண்டும். வழக்கு வந்தபின் வாதாடுவதே அவர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஆள் சேர்க்கும் நாளிலேயே அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வழியில் போகிறவரைத் தடுத்து நிறுத்த இவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

ஊர்க்காவல் படையைப் பொறுத்தவரை விடை தெளிவு. 1946 டிசம்பரில், கலவரம் கண்ட பம்பாயில் இந்தப் படை பிறந்தது. 1962 சீனப் போருக்குப் பின் நாடெங்கும் பரவியது. நம் மாநிலத்தில் 1963இல் அதற்கென்றே சட்டம் வந்தது. பணிக்கு அழைக்கப்பட்டிருக்கும் நேரத்தில் காவலருக்குள்ள அதிகாரமும் பாதுகாப்பும் அவருக்கு உண்டு. ‘அழைக்கப்பட்டிருக்கும் நேரத்தில்’ என்பதுதான் இங்கே உயிர்நாடி. அழைப்பு முடிந்துவிட்டால், சீருடை உடம்பில் இருந்தாலும் அவர் சாதாரணக் குடிமகன்.

போலீஸ் நண்பர்கள் குழுவின் கதை வேறு. 1993இல் ராமநாதபுரத்தில், அப்போது மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் தொடங்கிய முயற்சி அது. மக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையிலிருந்த அச்சத்தைக் குறைப்பது அதன் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இக்குழுவினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தார் மறுத்தார்கள். ஜூலையில் அரசு மாநிலம் முழுவதும் குழுவுக்குத் தடை விதித்தது. குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிலையத்துக்குள் தொண்டர் எதுவரை போகலாம், எந்த வாசலில் நின்றுவிட வேண்டும் என்பதை எழுத்தில் உறுதியாக வரையறுத்திருந்தால், அதை மீறியவரைத் தனியே அடையாளம் காட்டியிருக்கலாம். அமைப்பு முழுவதையும் கலைக்க வேண்டி வந்திராது.

சட்டத்தைக் கொண்டுவந்து நுழைத்தால் தொண்டு மனம் செத்துவிடும், அண்டை வீட்டுக்காரனுக்கு உதவப் பிரிவு எண் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். உதவிக்குத் தேவையில்லை, பிடித்து வைப்பதற்குத் தேவை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு தனிமனிதருக்கும் கைது செய்யும் உரிமை தருகிறது. தன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்தவரையும், அறிவிக்கப்பட்ட குற்றவாளியையும் அவர் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். ஏழாவது மணியில் கம்பி எண்ணும் அபாயம் தொண்டருக்கே. எச்சரிக்கை இங்கே அவருக்கான கவசம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சட்டம் இருந்துவிட்டால் போதுமா? சத்தீஸ்கரில் 2007ஆம் ஆண்டுக் காவல் சட்டம் இருக்கத்தான் செய்தது. அதன் நிழலில் பழங்குடி இளைஞர்கள் குறைந்த படிப்பு, இரண்டு மாதப் பயிற்சி, மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம் ஆகியவற்றோடு மாவோயிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்த வைக்கப்பட்டார்கள். நந்தினி சுந்தர் வழக்கில் 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. பிரிவு 14, 21 இரண்டும் மீறப்பட்டன என்றது. ஆகவே அதிகாரம் தரும் பிரிவைக் காட்டியதோடு வழக்கறிஞரின் கடமை தீராது. அந்த ஆளுக்கு அந்த வேலைக்கான பயிற்சி உண்டா, அவர் உயிரை மலிவாக மதிக்கிறோமா என்றும் அவர் கேட்க வேண்டும். அரசுத் தரப்புக்கு இது பிடிக்காத ஆலோசனை, அதனாலேயே மதிப்புள்ளது.

கூலியும் அதே மேசைக்குத்தான் வருகிறது. இமாச்சல ஊர்க்காவல் படையினர் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் பணி நிரந்தரம் தர மறுத்தது. ஆனால் முப்பது நாள் படித்தொகை காவலரின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் நாள் படி 560 ரூபாய் ஆனபோது பணி மாதம் ஐந்து நாளாகச் சுருங்கியது. பெருக்கிப் பார்த்தால் 2,800. தீர்ப்பு மீறப்படவில்லை, அடுப்பும் சரியாக எரியவில்லை.