முள் நடுவுக்கு வரும் நேரம்

வடசென்னை மெட்ரோ ரயில் போய் நிற்கும் விம்கோ நகருக்கு அந்தப் பெயர் ஒரு தீப்பெட்டி ஆலையால் வந்தது. விம்கோ நகர் இருக்கும் அதே திருவொற்றியூரில் 1956-ல் இன்னொரு தொழிற்சாலை திறந்தது. அங்கே உருவான வண்டிக்கும் பொறிதான் உயிர். ஆனால் அந்தப் பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்பதை ஐம்பது ஆண்டுக்காலம் ஒரு மெக்கானிக்கின் கண்ணும் காதும்தான் முடிவு செய்தன.

எண்ணூருக்குப் போகிற வழியெல்லாம் ஆலைகள் முளைத்த காலம் அது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய முயற்சி எம்.ஆர்.எப். ஆயிற்று. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்தது. இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸுக்கு, 1950-களின் தொடக்கத்தில் ராணுவத்திடமிருந்து நூற்றுக்கணக்கில் 350 சிசி புல்லட்டுக்கு ஆர்டர் வந்தது. அத்தனையையும் கப்பலிலேயே கொண்டுவந்துகொண்டிருக்க முடியாது. 1955-ல் ரெட்டிச் நகரத்துத் தாய்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலைக்கு முதலில் பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்தன. இங்கே பூட்டி முடுக்கினார்கள். முதல் ஆண்டில் வெளிவந்தவை 163 வண்டிகள்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1962-ல் ரெட்டிச்சில் புல்லட் நின்றுபோனது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு உற்பத்தியே முடிந்தது. தாய் போன பிறகும் திருவொற்றியூரில் பிள்ளை அதே உருவத்தில் பிறந்துகொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு பேரல், நான்கு கியர், பொறிக்கு ஒரு ஜோடி பாயிண்ட் (தொட்டு விலகும் மின்முனைகள்). லைசென்ஸ் ராஜ்யத்தில் போட்டிக்கு ஆள் குறைவு. ராணுவமும் போலீசும் வாங்கிக்கொண்டே இருந்தன. மாற்ற வேண்டிய அவசியம் கம்பெனிக்கு வரவில்லை. அந்தச் சோம்பலை இன்று யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். ஆனால் 1960-ல் ஒருவர் கற்ற பாயிண்ட் செட்டிங்கை 1990-ல் அவர் மகன் அப்படியே வைத்துக்கொண்டு கடை நடத்த முடிந்ததும் அதனால்தான்.

அந்த வேலை என்ன? என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. பெட்ரோல் கலந்த காற்று பற்றிப் பரவுவதற்கும் சிறிது நேரம் வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பற்றவைத்தால், அழுத்தம் கூடுவதற்குள் பிஸ்டன் பாதி வழி இறங்கிவிடும். அதனால் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். மெதுவாக ஓடும்போது கொஞ்சம் முன்னால், வேகம் கூடினால் இன்னும் முன்னால். கூடுதல் முன்னேற்றத்தைப் பார்த்துக்கொள்ள, சுற்றும் வேகத்தில் வெளிப்பக்கம் விரியும் இரண்டு சிறு எடைகள் உள்ளே இருந்தன. ஆனால் தொடக்கப் புள்ளியை மனிதர்தான் வைக்க வேண்டும்.

புல்லட்டில் பேரலுக்குப் பின்னால் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால் கேம் தெரியும். அது சுற்றும்போது பாயிண்டின் நார்க் குதிகாலை எட்டி உதைக்கிறது; பாயிண்ட் விலகுகிறது; காயிலில் ஓடிய மின்சாரம் அறுபடும் அந்த நொடியில் பிளக்கில் பொறி. ஆக, பாயிண்ட் எப்போது விலகத் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

முதலில் இடைவெளி: முழுதாக விலகி நிற்கும்போது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளிக்குப் பிறகே டைமிங், அதாவது பொறி விழும் நேரம்; இந்த வரிசையை மாற்றக் கூடாது. இடைவெளியைத் தொட்டாலே டைமிங்கும் நகர்ந்துவிடும். குறைந்தால் பாயிண்ட் தாமதமாக விலகும், கூடினால் முந்திக்கொள்ளும். அடுத்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிளக் துளை வழியே சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டு உச்சியைத் தேடுவார்கள். துளை சாய்வாக இருப்பதால் கம்பி சிக்கிக்கொள்ளாமல் பார்த்துச் சுற்ற வேண்டும். உச்சியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்வாங்கி, அங்கே பாயிண்ட் விலகும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முடுக்க வேண்டும்.

விலகும் நொடியை எப்படித் தெரிந்துகொள்வது? சிகரெட் தாளை பாயிண்டுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்தபடியே என்ஜினைச் சுற்றுவது பழைய முறை. பிடி விட்டுத் தாள் வழுக்கினால் அதுதான் இடம். ஆனால் புல்லட்டின் ஹெட்லைட் மேலேயே இன்னொரு கருவி இருந்தது: அம்மீட்டர். சாவியைத் திருப்பியபோது பாயிண்ட் சேர்ந்திருந்தால் காயில் மின்சாரத்தை இழுக்கும், முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் விலகியதும் முள் நடுவுக்குத் திரும்பும். பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா என்று காட்ட வைத்த கருவியை ஓட்டுநர்கள் கிக்கருக்குத் துணையாக்கினார்கள். சிலிண்டர் அழுத்தத்தை வெளிவிடும் டீகம்ப்ரஷரை அழுத்தி, முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, பிறகுதான் ஓர் உதை. இந்தச் சடங்கு தெரியாமல் உதைத்தவர்களுக்குக் கணுக்கால் பாடம் சொன்னது.

டைமிங் முந்தியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும்; மேட்டில் ஏறும்போது என்ஜின் தட்டும். பிந்தியிருந்தால் இழுவை போகும், சைலன்சர் குழாய் நீலம் பாய்ந்து கொதிக்கும், பெட்ரோல் குடிக்கும். எந்தத் தப்பும் செய்யாத வண்டியில்கூட நார்க் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் தானாகவே பின்தங்கும். கேமில் துளி கிரீஸ் வைக்க மறந்தால் இன்னும் சீக்கிரம். கண்டென்சர் போனால் பாயிண்ட் கருகும். கடற்கரைத் தொழிற்பேட்டையில் உப்புக்காற்று வேறு. இவ்வளவு பராமரிப்பு கேட்ட வண்டி, சாலையோர மெக்கானிக்குகளுக்கு நிரந்தர வரும்படி.

சாலையில் இப்படி என்றால், சாலைக்குக் கிழக்கே மணலில் கதை வேறு. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் மோட்டார் வைக்கும் எண்ணம் இந்தக் கரைக்கும் வந்தது. பழைய பெட்ரோல் அவுட்போர்டுகளில் பாயிண்ட் பிளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்கவே புல்லர் போட்டு பிளைவீலைக் கழற்ற வேண்டும். ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் இடைவெளி 0.020 அங்குலம். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு ஜோடி பாயிண்ட், ஒன்றுக்கொன்று சரியாக அரைச்சுற்றுத் தள்ளி விலக வேண்டும். போதாததற்கு, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டே திராட்டிலோடு சேர்ந்து திரும்பும். கார்புரேட்டர் திறப்பதும் பொறி முந்துவதும் ஒத்துப்போகாவிட்டால் மோட்டார் அலைக்கு நடுவே திணறும். அலைநீரும் மணலும் ஒட்டிய கைகளோடு கரையில் செய்யக்கூடிய வேலையா இது?

1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியபோது, கரையிறங்கும் படகுகளுக்கு அது முயன்று பார்த்தவற்றில் காற்றால் குளிரும் சிறு டீசல் என்ஜின்களும் இருந்தன. டீசலில் பொறியே கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பாயிண்ட் இல்லை, காயில் இல்லை, பிளக் இல்லை. எரிபொருளும் மலிவு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகியபோது, நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் சுழலும் டீசல் என்ஜின்களும் கூடவே பெருகின. கரை பொறியைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வதற்குப் பதில் பொறியையே விட்டுவிட்டது. கெட்டிக்காரத்தனமான முடிவு என்றுதான் தோன்றுகிறது.

என்பீல்டும் அதையே ஒருமுறை செய்துபார்த்தது. 1990-களில் கிரீவ்ஸ் லம்பார்டினியின் 325 சிசி டீசல் என்ஜினைப் புல்லட் சட்டத்தில் பொருத்தி விற்றது. 6.5 குதிரைத்திறன்தான், வேகம் கேட்கக் கூடாது. லிட்டருக்கு 70 கிலோமீட்டர் தாண்டியதால் பால்காரர்களும் கிராமத்து வியாபாரிகளும் வாங்கினார்கள். புகைக் கட்டுப்பாடு இறுகியதும் அது நின்றது.

பாயிண்ட் வண்டி அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 1977 முதலே அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆகிவந்தது. தங்கள் ஊரில் செத்துப்போன வண்டியை அங்கத்திய ஆசாமிகள் சென்னையிலிருந்து புதிதாக வாங்கி, தாத்தா காலத்து டைமிங் வேலையைத் தங்கள் கொட்டகையில் மறுபடி செய்தார்கள். 1994-ல் கம்பெனி ஐஷர் கைக்குப் போனது. பிறகு வந்த அலுமினிய என்ஜின்களில் பொறி மின்னணுப் பெட்டியின் பொறுப்பாயிற்று. 2010-ஐ ஒட்டி வார்ப்பிரும்பு என்ஜினும் விடைபெற்றது. 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்தது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களில் பலர் இப்போது பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷன் பொருத்திக்கொள்கிறார்கள். அடிக்கடி மெக்கானிக்கைத் தேட வேண்டாம். மாட்டேன் என்று நிற்பவர்களும் உண்டு. மின்னணுப் பெட்டி போனால் நடுவழியில் வண்டி அப்படியே நின்றுவிடும், பாயிண்ட் என்றால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு வீடு வந்து சேரலாம் என்பது அவர்கள் வாதம். அப்படிப்பட்டவர்களின் கருவிப் பெட்டியில் ஒரு ஜோடி பாயிண்டும் ஒரு கண்டென்சரும் இன்றைக்கும் இருக்கும்.