வடகரைக் கௌமுதி

பெண்மக்கள் நகைமேல் கொண்ட பற்றை எள்ளி நகையாடுவது ஆடவர் எழுத்தில் நெடுநாள் வழக்கம். வரலாற்றை நோக்குமிடத்து அவ்வெள்ளல் பொருந்துவதாக இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருமுன், உடன்பிறந்த ஆண்மக்கள் உள்ள வீட்டில் தந்தையின் நிலத்திலோ மனையிலோ மகளுக்குப் பங்கு கிடைப்பது அரிது. மணமாகிப் புகுந்த வீடு செல்லும் பெண் தன்னுடையது என்று உரிமையோடு எடுத்துச் செல்லக்கூடியது, காதிலும் கழுத்திலும் கையிலும் பூண்ட பொன்னே. அதனைச் சீதனம் என்றனர். கணவன் கைவிட்டாலோ, இறந்துபட்டாலோ, அடகு வைத்தேனும் சில திங்கள் உயிர்வாழ அது உதவிற்று. ஆதலின் அட்டிகையும் வளையலும் தொடக்கத்தில் வெறும் ஒப்பனைப் பொருள்கள் அல்ல. அவளுடைய ஆபத்துக்கால முதல்.

அம்முதல் எந்நாளில் ஊரார் கண்ணுக்கு வைக்கும் காட்சியாயிற்று என்று ஆண்டு குறித்துச் சொல்ல இயலாது. ஆயினும் ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் பரவிய பின்னர் மாப்பிள்ளைக்கு விலை ஏறியது என்பதில் ஐயமில்லை. பெண்ணின் கழுத்து, அவள் தந்தையின் வரவு செலவுக் கணக்கைப் பிறர் படித்துப் பார்க்கும் இடமாயிற்று.

கல்கத்தாவில் 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்நேகலதா என்னும் இளம்பெண், தன் மணத்திற்காகத் தந்தை குடியிருக்கும் வீட்டையும் இழக்கும் நிலை வந்தது கண்டு பொறாது உயிரை மாய்த்துக்கொண்டாள். நகரில் கூட்டங்கள் கூடின. இனி வரதட்சிணை வாங்கோம் என்று இளைஞர்கள் உறுதி பூண்டனர். அவளைத் தியாகி என்று போற்றினர். அப்போற்றுதலில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டவர் கையைத் தடுக்காதிருந்துவிட்டு, இறந்த பெண்ணைப் புகழ்வது எளிய காரியம். அவளைப் பின்பற்றி வேறு சில பெண்களும் மாண்டனர் என்பது அதனினும் கொடியது.

நிற்க. இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு பெண் வேறொரு வழி கண்டாள். அவள் வரலாறே இக்கட்டுரைக்குப் பொருள்.

காந்தியடிகள் 1933 நவம்பரில் தீண்டாமை ஒழிப்பிற்காக நாடு தழுவிய யாத்திரை தொடங்கினார். 1934 ஜனவரியில் அந்நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில், வடகரை என்னும் ஊருக்கு வந்தார். தமக்களித்த வாழ்த்து மடல்களை ஏலமிட்டு நிதி திரட்டுவதும், பெண்களிடம் நகை வேண்டுவதும் அவர் வழக்கம். அன்றும் வேண்டினார். கௌமுதி என்னும் பெண், 16 வயதினள் என்று அடிகள் எழுதுகிறார், மேடையேறிக் கையெழுத்துக் கேட்டு ஒரு வளையலைக் கழற்றினாள். அவர் எழுதத் தொடங்குமுன் மற்றொரு வளையலும் வந்தது. இரண்டும் வேண்டா, ஒன்றுக்கே கையெழுத்திடுவேன் என்றார் அவர். விடையாகக் கழுத்துச் சங்கிலியை எடுத்தாள். அது நீண்ட பின்னலில் சிக்கியிருந்தது; பல்லாயிரவர் பார்த்திருக்க, நாணாமல் அதனை விடுவித்தாள். பெற்றோர் இசைவு உண்டா என்று அடிகள் வினவினார், விடையில்லை. காதணிகளையும் கழற்றிக் கொடுத்தாள். தந்தையும் அக்கூட்டத்திலேயே இருக்கிறார், மடல்களை ஏலம் கேட்டு உதவுபவர் அவரே என்று யாரோ கூறினர். நீ துறந்த நகைகளைவிட உன் துறவே மெய்யான அணி என்னும் கருத்துப்பட எழுதிக் கையொப்பமிட்டார் காந்தியடிகள். பின்னர்த் தம் ஹரிஜன் இதழில் இதனை விரிவாகப் பாராட்டினார்.

கொடுத்தது பெரிதன்று; பொன்னை வாரி வழங்கிய பெண்கள் அவ்யாத்திரையில் பலர் உண்டு. கொடுத்துவிட்டு வீடு திரும்பிப் புதிது செய்துகொள்வதில்லை என்று கௌமுதி முடிவு செய்தாள் என்பதே அரிது. நகையில்லாப் பெண்ணை யார் மணப்பர் என்ற வினா உடனே எழுந்தது. தாய்வழி உரிமை வழங்கிய மலையாள நாட்டிலும் அக்கவலை தப்பவில்லை. நகை எதிர்பாராத ஒருவரையே மணப்பேன் என்பது அவள் விடை.

இனி அரசாங்கம் செய்தது. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-இல், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடியமர்ந்து நிறைவேற்றியது. ஆனால் திருமணத்தின்போது அளிக்கும் நகையும் துணியும், மணத்திற்கு ஈடாகத் தரப்படாதவரை, வரதட்சிணை ஆகா என்று அதில் ஒரு விளக்கம் இருந்தது. வாயிற்கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை! 1984-இல்தான் அவ்விளக்கத்தை நீக்கினர். இடையே, சீனப் போரை அடுத்து 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்தல் கூடாது என்றனர். வருந்தியவர் பொற்கொல்லரே; தொழிலிழந்த குடும்பங்கள் பல. சம்பந்தி வீட்டார் எதிர்பார்ப்பு ஒரு குன்றிமணியும் குறையவில்லை. 1966-இல் அவ்வரம்பு நீங்கிற்று. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-இல் விலக்கப்பட்டது. மாற்றைக் குறைக்கச் சட்டத்தால் முடிந்தது. பார்க்கும் கண்ணை மாற்ற முடியவில்லை.

காலனிவாழ் தமிழராகிய நமக்கு இத்தொல்லை சற்று மிகுதி என்றே சொல்வேன். இரண்டு நாள் ரயிலில் சென்று சொந்த ஊர்த் திருமணத்தில் கலந்துகொள்ளும்போது, வடக்கே இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று உறவினர் அளப்பது நம் வீட்டுப் பெண்ணின் கழுத்தை வைத்தே. அதனை அறிந்து, புறப்படுமுன் பக்கத்து வீட்டில் இரவல் வடம் வாங்கும் தாய்மாரும் உண்டு. இக்காலத்தில் நகையோடு நிறமும், உடல் எடையும், கைப்பேசியில் வரும் படமும் சேர்ந்துகொண்டன. பெண் பார்க்க வருவோர் கூடத்தில் அமருமுன்பே தேர்வு பாதி முடிந்துவிடுகிறது.

கௌமுதி மணம் செய்துகொள்ளவில்லை. இந்தி கற்று, கண்ணூர்ப் பகுதிப் பள்ளிகளில் இந்தி ஆசிரியையாகப் பணியாற்றினார். ஊரார் அவரைக் கௌமுதி டீச்சர் என்றே அழைத்தனர். நகை அணியாமலே வாழ்ந்து, 2009-ஆம் ஆண்டு, 90 வயது கடந்த நிலையில் காலமானார்.