கட்டுப் போடுறவர் வீட்டுப் பிள்ளை

1/ நாகரசம்பட்டி பக்கம் கை ஒடிஞ்சா பல வீட்டுல முதல்ல வர்ற பேச்சு, "புத்தூர் கட்டு போட்டுடலாமா?" சிரிக்க வேண்டியதில்லை. இதுக்குப் பின்னாடி வரலாறு இருக்கு.

2/ ஆந்திராவின் புத்தூரில் கேசவ ராஜு 1881-இல் இந்த வைத்தியத்தைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. அவ்வளவுதான்.

3/ நவீன எலும்பு மருத்துவத்திலும் இப்படி ஒரு குடும்பம் உண்டு. பிரிட்டனில் பரம்பரையாகக் கட்டுப் போட்டவர் எவன் தாமஸ். மகன்களை டாக்டருக்குப் படிக்க வைத்தார். அதில் ஒருவர் ஹக் ஓவன் தாமஸ் (1834–1891). தொடை எலும்பு முறிஞ்சா நாங்க இன்னிக்கும் மாட்டுற 'தாமஸ் ஸ்பிளின்ட்' அவர் உருவாக்கியது.

4/ அதே 1881-இல் ஜெர்மன் சர்ஜன் ஃபோல்க்மன் எழுதினார்: கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால் தசை செத்து, கை மடங்கி முடங்கிவிடும். ஆஸ்பத்திரிக் கட்டுக்கும் இது பொருந்தும்.

5/ அதனால யார் கட்டினாலும் சரி, நாங்க போட்ட மாவுக்கட்டே ஆனாலும் சரி: வலி கூடிட்டே போனா, விரலை நீட்டினா உயிர் போற மாதிரி வலிச்சா, மரத்துப்போனா, விடியட்டும்னு இருக்காதீங்க. ராத்திரியே ஜி.எச். வாங்க. கையைக் காப்பாத்த சில மணி நேரம்தான் இருக்கு.